சுமை இறங்கும் வழி

ஒரு நாட்டின் எல்லைக்குள் குறிப்பிட்ட காலத்தில் விளைந்த பண்டங்களுக்கும் செய்யப்பட்ட பணிகளுக்கும் சேர்த்துப் போடப்படும் பண மதிப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தி எனப்படுகிறது. அது தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் சுருங்கினால் அந்நாடு பொருளாதார மந்தத்தில் இருப்பதாகக் கொள்வது வழக்கம். ஆண்டுக் கணக்கில் பார்த்தால், 1979–80க்குப் பிறகு இந்தியப் பொருளாதாரம் சுருங்கிய ஆண்டு 2020–21 ஒன்றுதான். ஆனால் கொடைக்கானல் கீழ்மலையில் உள்ள வடகவுஞ்சியில், அதே காலத்துக்குள், கூலிக்காரரும் சிறு விவசாயியும் கடைக்காரரும் ஒருசேர ஒடுங்கிப்போன காலங்கள் குறைந்தது மூன்று உண்டு: 2000-இல் தொடங்கி 2004 வரை நீண்ட காப்பி விலை வீழ்ச்சி, திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர்கள் பையோடு திரும்பிவந்த 2008–09, கொரோனா ஊரடங்கு நிலவிய 2020. இவற்றுள் கடைசி ஒன்றை மட்டுமே தேசியக் கணக்கு மந்தம் என்று ஒப்புக்கொண்டது. மற்ற இரண்டும் கணக்கில் ஏறாமலே வந்து, வீடுகளை உலுக்கிவிட்டுப் போயின.

வடகவுஞ்சி, பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையை ஒட்டிய ஊராட்சி. கொடைக்கானல் வட்டாரத்தில் ஊர்களை மேல்மலை, கீழ்மலை என்று பிரித்துப் பேசுவார்கள். மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் போன்றவை மேல்மலை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி போன்றவை கீழ்மலை. மேல்மலையில் கவுஞ்சி என்று வேறோர் ஊர் இருப்பதால், வெளியூரார் இரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு. மேல்மலை பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் என்று திறந்த வயலில் விளைவிக்கும்போது, கீழ்மலை மரநிழலில் வாழ்கிறது: சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அதன் நிழலில் காப்பிச் செடி நிற்கும், இடையிடையே மலைவாழையும் ஆரஞ்சும் பலாவும் வெண்ணெய்ப் பழமும் இருக்கும். ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று கைகொடுக்கும் என்பதே இந்த அமைப்பின் அடிப்படை. ஆனால் அந்தக் காப்பு நிலம் உள்ளவருக்கு மட்டுமே உரியது. அந்த நிலத்தில் வேலை செய்கிறவருக்கு விற்க இருக்கும் பயிர் ஒன்றே ஒன்று. அது அவருடைய நாள்.

இக்கட்டுரையில் சொல்லப்படுபவை பெரும்பாலும் நினைவிலிருந்து எழுதப்பட்டவை. அந்த நினைவுக்குத் துணை நின்றது ஒரு பற்று நோட்டு. கட்டுரையாளரின் தந்தை வடகவுஞ்சியில் சிறிய மளிகைக் கடை ஒன்றை நடத்திவந்தார். கடனாகக் கொடுத்த சாமானை வீட்டுக்கொரு பக்கமாக எழுதிவைத்து, தோட்டங்களில் வாரச் சம்பளம் போடும் நாளில் வந்ததைக் கழித்து, மீதியை அடுத்த வாரத்துக்குத் தள்ளும் கணக்குக்குப் பற்று நோட்டு என்று பெயர். பள்ளி வயதில் அந்த நோட்டில் தொகை கூட்டும் வேலை கட்டுரையாளருடையது. ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அவ்வீட்டாரின் முகத்தைவிட அந்தப் பக்கம் முன்னதாகச் சொல்லிவிடும் என்பதை அந்த வயதிலேயே கற்க நேர்ந்தது.

காப்பி விலை வீழ்ந்த கதை வடகவுஞ்சியிலிருந்து வெகு தொலைவில் தொடங்குகிறது. உலகக் காப்பி ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டின் கீழ், விளைவிக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்து ஏற்றுமதிக்குப் பங்கு வகுத்து, ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 454 கிராம் காப்பியின் விலையை 120 முதல் 140 அமெரிக்க சென்ட் என்ற வரம்புக்குள் நிறுத்திவைக்க முயன்றன. 1989 ஜூலையில் அந்தப் பங்கு முறை குலைந்தது. 1994-இல் பிரேசிலில் விழுந்த உறைபனி விலையை ஒருமுறை தூக்கிவிட்டது. அந்த ஏற்றத்தை நம்பி உலகெங்கும் புதிதாகக் காப்பி நடப்பட்டது. வியட்நாம் பத்தே ஆண்டுகளில், எங்கோ கடைக்கோடியில் இருந்த நிலையிலிருந்து பிரேசிலுக்கு அடுத்த இடத்துக்கு வந்தது. 2001 செப்டம்பரில் உலகக் காப்பி அமைப்பின் கூட்டு விலை பவுண்டுக்கு 41 சென்ட் அளவுக்கு இறங்கியது. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால் நூறாண்டுகளில் அதைவிடக் குறைந்த விலை இருந்ததில்லை என்று அக்காலத்தில் மதிப்பிட்டார்கள்.

இந்தியாவில் இதனோடு இன்னொரு மாற்றமும் சேர்ந்துகொண்டது. 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காப்பி வாரியம், நாட்டில் விளைந்த காப்பி முழுவதையும் தானே பெற்று, விற்று, விவசாயிக்கு முதலில் ஒரு முன்தொகையும் பிறகு விற்பனைக்கேற்ப தவணை தவணையாக மீதியும் கொடுத்துவந்தது. இதற்குக் குவிப்பு முறை என்று பெயர் சொல்லலாம். பணம் தாமதமாக வருகிறது, வரும் பணமும் வாரியத்தின் செலவில் கரைகிறது என்று விவசாயிகள் குறைப்பட்டது நியாயமே. எனினும் அந்தத் தாமதத்துக்குள் ஒரு பாதுகாப்பும் ஒளிந்திருந்தது: உலகச் சந்தை விழுந்த ஆண்டிலும் முந்தைய ஆண்டுகளின் தவணை வந்துகொண்டிருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் படிப்படியாகத் தளர்ந்த அந்த முறை 1996-இல் முற்றிலும் நீங்கியது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நல்ல விலை கிடைத்ததால், கையில் ரொக்கம் பார்த்த கீழ்மலை விவசாயி மகிழ்ந்தார். வீட்டுக்கு ஓடு மாற்றியவர்களும் மகளுக்கு நகை செய்தவர்களும் அக்காலத்தில் பலர். நியூயார்க்கிலும் லண்டனிலும் விலை சரிந்தபோதுதான், இடையில் நின்ற சுவர் இல்லாமற்போனது தெரிந்தது. முன்பு மாதங்கள் கழித்து மலையேறிய செய்தி, இப்போது வியாபாரியின் தொலைபேசி வழியாக மறுநாள் காலையிலேயே வந்து சேர்ந்தது.

அதே காலத்தில் மிளகும் கைவிட்டது. 1999-இல் கிலோவுக்கு 200 ரூபாயைத் தாண்டியிருந்த மிளகு, அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் 100 ரூபாய்க்குக் கீழே போயிற்று. மலைவாழை அதற்கு முன்பே தளர்ந்திருந்தது. முடிக்கொத்து நோய் என்ற, அசுவினிப் பூச்சி பரப்பும் நச்சுயிரி நோய் எழுபதுகளிலிருந்து பழனி மலையின் வாழைத் தோட்டங்களைத் தின்றுவந்தது. ஒன்று போனால் ஒன்று என்று நட்டு வைத்த மூன்றும் ஒரே நேரத்தில் தலைசாய்ந்ததே அந்த ஆண்டுகளின் கொடுமை.

மலைநாட்டுச் சரிவில் சுமை எப்போதும் கீழ்நோக்கியே இறங்கும். வண்டி போகாத தோட்டங்களிலிருந்து காப்பி மூட்டையையும் வாழைத்தாரையும் மட்டக்குதிரைகள் சாலைக்கு இறக்கிக்கொண்டு வருவதைக் கீழ்மலையில் இன்றும் பார்க்கலாம். மந்தத்தின் சுமையும் அப்படித்தான் இறங்கியது. ஏற்றுமதியாளர் தம் இலாபம் குறையாதபடி விலையை வெட்டினார். பட்டிவீரன்பட்டியிலும் வத்தலக்குண்டிலும் இருந்து வரும் வாங்குபவர் அந்த வெட்டோடு ஈரக் கழிவையும் சேர்த்துச் சொன்னார். விவசாயி தம் பங்கை இறக்கிவைக்க வேறு இடமில்லாமல் வேலையைக் குறைத்தார். களை வெட்டு ஆண்டுக்கு மூன்று முறை என்பது ஒன்றாயிற்று. செடியின் வேண்டாத கிளைகளைக் கழிக்கும் கவாத்தும், மரக்கிளைகளை அளவாக வெட்டி வெயிலை உள்ளே விடும் நிழல் கழிப்பும் தள்ளிவைக்கப்பட்டன. பழம் பறிக்கும் கூலி பழத்தின் விலையை மிஞ்சியதால், சில தோட்டங்களில் பழம் செடியிலேயே கறுத்து உதிர்ந்தது. தோட்டக் கணக்கில் இவையெல்லாம் மிச்சம் பிடித்த செலவு. கூலிக்காரரின் கணக்கில் ஒவ்வொன்றும் இழந்த நாள்.

நகரத்துத் தொழிற்சாலையில் மந்தம் வந்தால் ஆட்குறைப்பு நடக்கிறது, வேலை இழந்தவர் என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட முடிகிறது. தோட்டத்தில் யாரையும் நீக்குவதில்லை. வாரம் ஆறு நாள் கூப்பிட்ட ஆளை நான்கு நாள் கூப்பிடுவார்கள், பிறகு இரண்டு நாள். கடைக்கு வந்த பெண் ஒருவர், பாக்கி ஏன் குறையவில்லை என்று கேட்கப்பட்டபோது சொன்ன பதில் கட்டுரையாளருக்கு இன்றும் காதில் நிற்கிறது: “வேல இருக்குது அண்ணே, நாளுதான் கம்மி.” வேலையின்மையைப் பற்றிப் பிற்காலத்தில் படித்த புத்தகங்களில், குறைவேலை என்ற சொல்லின் கீழ் பல பக்கங்களில் விளக்கப்பட்டது அந்த ஒரு வாக்கியமே. கணக்கெடுப்பு அதிகாரி வந்து கேட்டிருந்தால், அந்தப் பெண் வேலை உள்ளவர் என்றே பதிவாகியிருப்பார்.

பற்று நோட்டில் முதலில் மாறியது தொகையல்ல, சாமான். கூட்டுத்தொகை ஏறக்குறைய அப்படியே இருக்க, உள்ளே இருந்த பொருள்கள் ஒவ்வொன்றாக இடம் மாறின. துவரம்பருப்பு எழுதியிருந்த இடத்தில் தட்டைப்பயறு வந்தது. கடலை எண்ணெய் போய்ப் பாமாயில் வந்தது, அதுவும் அரை லிட்டர் என்பதிலிருந்து கால் என்று இறங்கியது. சோப்பு பாதிக் கட்டியாக விற்றது. தேங்காய் எண்ணெயும் பிஸ்கட்டும் மறைந்தன. கருவாடு மட்டும் கடைசிவரை நின்றது. காப்பித் தூள் அந்த நோட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. காப்பி பறிக்கும் வீடுகளில் எப்போதும் தேயிலைத் தூள்தான், அதற்கும் மந்தத்துக்கும் தொடர்பில்லை. இந்த மாற்றங்களை முடிவு செய்தவர்கள் பெண்கள். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் வைத்த பிறகு தாங்கள் உண்பது என்ன என்பதை அவர்கள் எந்த நோட்டிலும் எழுதவைக்கவில்லை என்பதால், சுமை இறங்கும் வழியின் கடைசிப் படி எந்தக் கணக்கிலும் தென்படுவதில்லை.

சாமானைக் குறைத்தும் போதாதபோது நகை போயிற்று, நகைக்குப் பிறகு மரம் போயிற்று. 1991-இல் அந்நியச் செலாவணி தீர்ந்துபோன இந்திய அரசு ஏறக்குறைய 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகு வைத்தபோது நாடே தலைகுனிந்ததாக எழுதினார்கள். வடகவுஞ்சியில் தோட்டையும் கம்மலையும் துணியில் முடிந்துகொண்டு முதல் பேருந்துக்கு நின்ற பெண்களின் தலைகுனிவைப் பற்றி யாரும் எழுதியதில்லை. நிலம் உள்ளவர்கள் சில்வர் ஓக்கை விற்றார்கள். மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். அவசரத்தில் இருப்பவருக்கு அந்த அனுமதிக்கு அலையப் பொழுதில்லை. ஆகவே அந்தப் பொறுப்பை ஏற்ற வியாபாரி மரத்தின் விலையையும் தாமே சொன்னார். இங்கேதான் மந்தம் தன் காலத்தைத் தாண்டி நீளும் விதம் புலப்படுகிறது. நிழல் குறைந்த காப்பியைத்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு அதிகம் தாக்கும். அதன் புழு தண்டைக் குடைந்து செடியை உள்ளிருந்து சாகடிக்கும். மரத்தை விற்றுக் கடனைக் கட்டிய தோட்டங்களில், அடுத்த சில ஆண்டுகளில் செடிகள் வரிசை வரிசையாக மஞ்சளித்துக் காய்ந்தன. காப்பி விலை பின்னர் மெல்ல நிமிர்ந்தபோது, அந்த விலைக்கு விற்கச் சிலரிடம் செடி இல்லை.

நிலம் இல்லாத வீடுகளில் விற்பதற்கு மரம் இல்லை; பிள்ளைகள் இருந்தார்கள். திண்டுக்கல் மாவட்டத்துச் சமவெளியில் நூற்பாலைகள் பெருகிய காலம் அது. திருமணமாகாத பெண்பிள்ளைகளை மூன்று ஆண்டு விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் திருமணச் செலவுக்கென்று ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லும் ஏற்பாடு சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஊர் ஊராகப் பரவியது. கட்டுரையாளரோடு எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு வரிசையில் படித்த இருவர் அப்படிப் போனார்கள். ஒருவர் மூன்று ஆண்டு முடியுமுன்னே இருமலோடு திரும்பிவந்தார். இடையில் நின்றதால் மொத்தத் தொகை கிடைக்கவில்லை. மற்றவர் முடித்துவந்து, அந்தப் பணத்தில் திருமணமும் செய்துகொண்டார். எது சரி, எது தவறு என்று அந்தக் குடும்பங்களுக்குத் தீர்ப்புச் சொல்லக் கட்டுரையாளருக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு பெண்பிள்ளையின் பள்ளிப் படிப்பு காப்பி விலையோடு இவ்வளவு நேராகக் கட்டப்பட்டிருந்தது என்பதை யாரும் அன்று சொல்லவில்லை. பள்ளிப் பதிவேட்டில் அது இடைநிற்றல் என்று மட்டுமே இருந்திருக்கும்.

இரண்டாவது மந்தம் எதிர்த்திசையிலிருந்து வந்தது. காப்பி கைவிட்ட ஆண்டுகளில் கீழ்மலையின் இளைஞர்கள் பழனி வழியாகத் தாராபுரம் தாண்டித் திருப்பூருக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். பனியன் கம்பெனிகளில் வேலை நேரத்தை ஷிஃப்ட் கணக்கில் பேசுவார்கள். எட்டு மணி நேரம் ஒரு ஷிஃப்ட், பன்னிரண்டு மணி நேரம் உழைத்தால் ஒன்றரை ஷிஃப்ட். ஊருக்கு அனுப்பிய பணம் அந்த அரை ஷிஃப்டில் கிடைத்ததுதான். ஒரு ஷிஃப்ட் கூலி வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போகும். 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவாலானதை அடுத்து, மேலை நாடுகளின் கடைகள் ஆடைக் கொள்முதலைக் குறைத்தன. திருப்பூரில் முதலில் மறைந்தது அந்த அரை ஷிஃப்ட். கம்பெனி மூடவில்லை, ஆளையும் நீக்கவில்லை. ஆயினும் வடகவுஞ்சிக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றது, சில மாதங்களில் ஆட்களே திரும்பிவந்தார்கள். பொருளாதாரம் சுருங்கும்போது தூரதேசம் போன தமிழ்த் தொழிலாளி சொந்த ஊருக்குத் திருப்பப்படுவது புதிதல்ல. 1930-இல் மலாயாவின் ரப்பர் விலை சரிந்தபோது, பல்லாயிரம் பேர் கப்பலேற்றப்பட்டு நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறக்கிவிடப்பட்டார்கள். நல்ல காலத்தில் ஊர் ஆள் அனுப்புவதும், கெட்ட காலத்தில் அவர்களைச் சோறு போட்டு வைத்துக்கொள்வதும் ஒருவகையில் தொழிலுக்கு ஊர் கொடுக்கும் மானியம். அதற்கு எந்த முதலாளியும் ஊருக்கு நன்றி சொன்னதில்லை.

இம்முறை பற்று நோட்டு முன்போல வீங்கவில்லை. அதற்குக் காரணம் தெளிவானது. தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, தமிழ்நாட்டில் முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. ஊர்ப்புறக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டில் நூறு நாள் உடலுழைப்பு வேலை கேட்டால் அரசு கொடுத்தாக வேண்டும் என்பதே அச்சட்டத்தின் சாரமாக இருந்தது. ஊராரின் பேச்சில் அது நூறு நாள் வேலை. நாள்தான் குறைகிறது என்று 2001-இல் வருந்திய பெண்ணுக்கு, ஒரு சட்டம் நாளையே கொடுத்தது. நாளுக்கு 80 ரூபாய் என்ற அளவில் அது பெரிய பணம் அல்ல. எனினும் மழைநீர்ப் பள்ளம் தோண்டவும் பாதையைச் சீர்செய்யவும் போன பெண்களின் பக்கங்களில், வாரந்தோறும் ஏதோ ஒரு தொகை கழிந்துகொண்டே இருந்தது. அதைவிட முக்கியமாக, தோட்டக்காரர்கள் பெண்களின் கூலியைச் சிறிதாவது உயர்த்தியே ஆட்களைக் கூப்பிட வேண்டியதாயிற்று. இதனால் வேலை செய்ய ஆள் கிடைப்பதில்லை என்ற முணுமுணுப்பு அன்று ஊரில் நிறையக் கேட்டது. அந்த முணுமுணுப்பில் கட்டுரையாளரின் உறவினர்களும் கலந்துகொண்டார்கள். குறைந்த கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதே அதன் பொருள்.

மூன்றாவதும் மிகக் கடுமையானதும் 2020. மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, கொடைக்கானலின் பிழைப்புக்கே ஆதாரமான ஏப்ரல், மே சீசன் வாசலில் நின்றது. விடுதிகளில் துணி மாற்றும் பெண்கள், வாடகை வண்டி ஓட்டுநர்கள், ஏரிக்கரையில் சோளம் சுட்டு விற்பவர்கள், குதிரை நடத்துபவர்கள் ஆகியோர் அந்த இரண்டு மாத வரவில்தான் மழைக்காலத்தைக் கடப்பார்கள். பிரையண்ட் பூங்காவின் மலர்க் கண்காட்சியும் கோடை விழாவும் அந்த ஆண்டு நடக்கவில்லை. வடகவுஞ்சியிலிருந்து கொடைக்கானல் விடுதிகளுக்கு வேலைக்குப் போயிருந்தவர்கள் பேருந்து நின்றுவிட்டதால் நடந்தே திரும்பினார்கள். அவர்களில் சிலருக்கு மார்ச் மாதச் சம்பளமும் வந்து சேரவில்லை.

மலையின் மறுபக்கத்தில் பழனி இருந்தது. பழனி முருகன் கோயிலின் பஞ்சாமிர்தத்துக்கு உயிர் மலைவாழை, குறிப்பாக விருப்பாட்சி என்ற வகை. அதன் நீர்ப்பசை குறைவு என்பதால் பஞ்சாமிர்தம் பல நாள் கெடாமல் நிற்கிறது. விருப்பாட்சி வாழைக்கு முன்பே கிடைத்திருந்த புவிசார் குறியீடு, அதாவது குறிப்பிட்ட இடத்தின் விளைபொருள் என்று சட்டம் தரும் அடையாளம், 2019-இல் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. அந்தப் பெருமை வந்து ஓராண்டுகூட ஆகுமுன் கோயில் நடை பக்தர்களுக்கு அடைக்கப்பட்டது. ஏப்ரல் முதல் வாரத்தில் வந்த பங்குனி உத்திரத்துக்குக் காவடி இல்லை, பாதயாத்திரை இல்லை. காப்பியை உலர்த்தி மூட்டையில் கட்டி நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். பழுத்த தாரை எங்கே வைப்பது? சாலையோரத்தில் அடுக்கிவைத்த தார்கள் கருத்துப்போனதையும், அவற்றை மாடுகளுக்குப் போட்டதையும் கட்டுரையாளர் பார்த்தார். கேரளத்துக்குக் காய்கறி அனுப்பும் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகவேண்டிய சவ்சவ், பந்தலிலேயே முற்றி முளைவிட்டது. கோயில்கள் செப்டம்பர் 1 அன்று திறந்தன. கொடைக்கானலுக்குச் சுற்றுலாப் பயணிகள் இணைய அனுமதிச் சீட்டோடு வரத் தொடங்கியதும் அந்த மாதத்தில்தான். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் உற்பத்தி 23.9 சதவீதம் சுருங்கியதாக ஆகஸ்ட் 31 அன்றும், அடுத்த காலாண்டில் 7.5 சதவீதம் சுருங்கியதாக நவம்பர் 27 அன்றும் முதல் மதிப்பீடுகள் வெளியாயின. ஆக, மந்தம் என்ற பெயர் வருவதற்குள் ஊர் அதில் எட்டு மாதம் வாழ்ந்து முடித்திருந்தது.

அரசின் கை நீளவில்லை என்று சொல்வது பொய்யாகும். குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் ஏப்ரலிலேயே கிடைத்தன. மத்திய அரசின் திட்டத்தில் ஆளுக்கு 5 கிலோ அரிசி கூடுதலாக வந்தது. அந்த அரிசி இல்லையென்றால் நடந்திருக்கக்கூடியதை எண்ணிப்பார்க்கவே மனம் கூசுகிறது. நூறு நாள் வேலையின் கூலி 256 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் பணம் வங்கிக் கணக்கில் ஏற, வங்கிக்குப் போகப் பேருந்து இல்லாத மாதங்கள் அவை. மாநில நிவாரணமும் மத்திய நிவாரணமும் ரேஷன் கடைவரை வந்தன. அதற்கு அப்பால் இருந்த கடன் பக்கம் இரண்டும் திரும்பவில்லை.

பெண்கள் பத்துப் பேர், பதினைந்து பேர் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று, வாரத் தவணையில் வாங்கும் குழுக்கடன் கீழ்மலையில் வீட்டுக்கு வீடு இருந்தது. ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க அனுமதித்து, பின்னர் ஆகஸ்ட் இறுதிவரை நீட்டியது. ஒத்திவைப்பு என்பது தள்ளுபடி அல்ல, தள்ளிவைத்த காலத்துக்கும் வட்டி ஏறும் என்பதை விளக்கிச் சொல்ல யாரும் வரவில்லை. ஊரடங்கு சற்றுத் தளர்ந்ததும், தவணை கேட்டு இருசக்கர வண்டிகள் மலையேறின. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற விதி, பக்கத்து வீட்டுப் பெண்களையே ஒருவருக்கொருவர் வசூல்காரர்களாக்கியது. அந்த ஆகஸ்டில் ஒரு பவுன் 43,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. அடகுக்கு முன்பைவிடக் கூடுதல் பணம் கிடைத்ததால் பலர் அதையே வரமாக எண்ணினார்கள். தங்க விலை பின்னர் ஏற ஏற, வட்டி கட்ட முடியாமல் மூழ்கிய நகையை மறுபடி வாங்குவது அவர்களுக்கு எட்டாத காரியமாயிற்று.

கடையில் நடந்ததையும் எழுதியாக வேண்டும். அதைத் தவிர்த்துவிட்டு மற்றவரின் இரக்கமின்மையைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. மொத்தச் சரக்குக் கொடுத்துவந்தவர் ஏப்ரல் தொடக்கத்தில் ரொக்கம் வைத்தால்தான் சரக்கு என்றார். அவருக்கும் மேலே யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். கடையில் இருந்த அரிசியும் எண்ணெயும் இரண்டு வாரத்துக்குக் காணும். கட்டுரையாளரின் தந்தை பற்று நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, ஓர் இரவு முழுவதும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நிலம் உள்ள வீடுகளின் பக்கங்களில் சிறிய குறி ஒன்று இட்டார். அவர்களுக்குக் கடன் தொடரும். தோட்டக்கூலியை மட்டும் நம்பியிருந்த வீடுகளுக்கு அளவு குறைக்கப்பட்டது. பழனி மலையின் பழங்குடியினரான பளியர் குடும்பங்களுக்கு, பழைய பாக்கியைக் கேட்பதில்லை, புதிதாகக் கொடுப்பதும் இல்லை என்று முடிவாயிற்று. அந்த முடிவு எடுக்கப்பட்டபோது கட்டுரையாளர் அருகில் இருந்தார், மறுத்துப் பேசவில்லை. கணக்கின்படி அது சரியாகவே பட்டது. யாரிடம் ஈடு இல்லையோ அவரிடம் முதலில் கை மூடும். இருபது ஆண்டுகளுக்கு முன் விலை வெட்டிய வியாபாரியும், மரத்துக்கு விலை சொன்னவரும் கணக்குப் போட்டது இப்படித்தான்.

பளியர் குடும்பங்கள் காட்டுக்குப் போயின. வள்ளிக்கிழங்கு தோண்டுவது அவர்களின் பாட்டன் காலத்து அறிவு. ரேஷன் அரிசியும் கூலி வேலையும் வந்தபின் இளையவர்கள் பலர் அதை மறந்திருந்தார்கள். முதியவர்கள் அந்த மாதங்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் கொடியை அடையாளம் காட்டினார்கள். மே மாதத்தில் ஒருவர் கடைக்குத் தேன் கொண்டுவந்தார். ஊரடங்கால் வெளியே விற்க வழியில்லை. அரிசிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். மாற்றிக்கொள்ளப்பட்டது, கடை சொன்ன அளவுக்கு. அந்தத் தேனைப் பின்னர் செப்டம்பரில் வந்த சுற்றுலாப் பயணிகள் வாங்கிப்போன விலைக்கும், கொடுக்கப்பட்ட அரிசியின் விலைக்கும் இடையே இருந்த தூரம் கட்டுரையாளரை இன்றும் உறுத்துகிறது.

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா வகைக் காப்பி பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி, 1977-இல் இருந்த உச்சத்தையும் கடந்து ஏறியது. தாண்டிக்குடியைச் சுற்றியும் வடகவுஞ்சியிலும் காப்பியைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் நல்ல பணம் பார்த்தார்கள். சில வீடுகளில் மறுபடி ஓடு மாறியது. சில்வர் ஓக்கை விற்றுச் செடியை இழந்தவர்களின் நிலங்களில் சில இப்போது வெளியூராரின் பெயரில் இருக்கின்றன. அங்கே விடுதிக் கட்டடம் எழும்புகிறது, அதே ஊர்ப் பெண்கள் அங்கே மண் சுமக்கிறார்கள்.

கடை இப்போது இல்லை. தந்தையின் மறைவுக்குப் பிறகு அதை நடத்த யாரும் முன்வரவில்லை. பற்று நோட்டுகள் மட்டும் ஒரு தகரப் பெட்டியில் கட்டுரையாளரின் வீட்டில் இருக்கின்றன. 2020-இன் நோட்டில், நிலம் உள்ள வீடுகளின் பக்கங்கள் இரு புறமும் நிரம்பி, ஓரத்திலும் எழுதப்பட்டிருக்கின்றன; அவற்றுள் சிலவற்றின் பாக்கி இன்றுவரை கழியவில்லை. பளியர் வீடுகளின் பக்கங்களில் ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு எழுத்தே இல்லை. பழைய பாக்கியைக் கேட்பதில்லை என்று முடிவான பின்னும், அந்த ஆண்டின் இறுதியில், பழம் பறிப்புக் கூலி கைக்கு வந்த வாரங்களில், அவர்கள் ஒவ்வொருவராக வந்து கொடுத்துவிட்டுப் போனதைக் குறிக்கும் சிவப்பு மைக் கோடு அந்தப் பக்கங்களின் நடுவே குறுக்காக ஓடுகிறது.